நவாபின் நெய்வண்ண ஓவியமும் செங்கற்பட்டு ஓலைக் கணக்கும்

முன்னுரை

ஒரு தலைவனைச் சொல்லால் வரைதல் புலவர் தொழில். வண்ணத்தால் வரைதல் ஓவியர் தொழில். இவை வெவ்வேறு கலைகளாயினும் இரண்டன் நோக்கமும் ஒன்றே. தலைவன் இன்னான் எனப் பிற்காலத்தார் அறியச் செய்தலே அந்நோக்கம். ஆயின், சொல்லோவியத்தை ஆராய்தற்கு நம் முன்னோர் வகுத்த அளவைகளைக் கொண்டு வண்ண ஓவியத்தையும் ஆராயலாமோ என்னும் வினா எழுகின்றது. ஆராயலாம் என்பதே நம் கருத்து. அக்கருத்தை நிறுவுதற்கு ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாசாவைக் குறித்து மேனாட்டு ஓவியர் வரைந்த நெய்வண்ண ஓவியங்களை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

இவற்றைத் தேர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குத் தலைவராக இருந்த ஒருவரை மேனாட்டு முறையில், நின்ற கோலத்தில், முழு உருவமாக வரைந்த தொடக்க கால ஓவியங்களுள் இவை குறிப்பிடத்தக்கன என்பது ஒன்று. இவை வரையப்பெற்ற அதே ஆண்டுகளில், நவாபின் ஆட்சிக்குட்பட்டிருந்த செங்கற்பட்டுச் சீமையின் ஊர்கள் அனைத்தும் ஓலையில் கணக்கெழுதப்பெற்றன என்பது மற்றொன்று. ஒன்று தலைவனின் உருவம். மற்றொன்று நாட்டின் உருவம். இவ்விரண்டனையும் அருகருகே வைத்து நோக்குவார் இதுகாறும் மிகச் சிலரே. திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் முதலிய ஊர்கள் ஏரியும் வயலுமாக இருந்த நிலை மாறித் தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரமாகிவிட்ட இக்காலத்தில், அவ்வூர்களின் பழைய உருவம் எங்கே உளது என்று ஆராய்தல் வேண்டத்தக்கதாம்.

1. ஓவியரும் ஓவியமும்

முகம்மது அலி கி. பி. 1749 முதல் நவாபுப் பதவிக்கு உரிமை கோரினார். ஆங்கிலக் கும்பெனியாரின் துணையோடு அதனைப் பெற்றார். 1795இல் சென்னையில் இறந்தார். அவருடைய பட்டப்பெயராகிய 'வாலாசா' என்பது வாலாசாப்பேட்டை என்னும் ஊர்ப்பெயரிலும் சென்னை நகரத்து வாலாசா சாலை என்னும் தெருப்பெயரிலும் இன்றும் வழங்குகின்றது. ஆர்க்காட்டு நவாபு என்று பெயர் பெற்றாரேனும் அவர் தம் வாழ்நாளின் பிற்பகுதியைச் சேப்பாக்கத்து அரண்மனையிலேயே கழித்தார். 1768ஆம் ஆண்டளவில் எழுந்த அவ்வரண்மனை கும்பெனியாரின் கோட்டைக்கு அணித்தாக இருந்தது. காவலும் கடனும் ஆகிய இரண்டிற்கும் அவ்வணிமை பயன்பட்டது.

இந்தியாவிற்கு வந்து தொழில் செய்த புகழ்பெற்ற ஆங்கில ஓவியருள் முதல்வராகக் கருதப்பெறும் டில்லி கெட்டில் 1769இல் சென்னைக்கு வந்தார். ஏறத்தாழ ஈராண்டு இங்குத் தங்கி நவாபையும் அவர் மக்களையும் வரைந்தார். பின்னர் வடநாடு சென்று அயோத்தி நவாபு சுசா உத்தௌலாவை வரைந்தார். அவருக்குப்பின் ஸ்காத்துலாந்து நாட்டவராகிய ஜார்ஜ் வில்லிசன் 1774இல் சென்னையை அடைந்து 1780 வரை இங்கிருந்தார். நவாபின் உருவத்தை அவர் பலமுறை வரைந்தார். வரையப்பெற்ற படங்கள் நவாபின் அரண்மனையளவில் நின்றுவிடவில்லை. அவை இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்றன. கும்பெனியாரின் தொகுப்பிலும் பிற தொகுப்புகளிலும் இடம் பெற்றன. ஆகவே இவை வெறும் அணிப்பொருள்கள் அல்ல. கடல் கடந்து சென்று தலைவருக்காகப் பேசும் தூதுகள் என்றே இவற்றைக் கொள்ளல் வேண்டும்.

இவ்வோவியங்களிற் காணப்பெறும் கோலம் பெரும்பாலும் ஒருபடித்தானது. நவாபு நிமிர்ந்து நிற்கின்றார். நெடிய வெண்மெல்லாடை கணுக்கால்வரை தாழ்ந்திருக்கின்றது. தலையிற் பாகை, கழுத்தில் முத்துவடங்கள், கையகத்தே வாள், முகத்தில் நரைத்த தாடி. மேனாட்டுப் பெருமக்களின் ஓவியங்களுக்கு ஏற்பட்ட நிலையும் எடுப்பும் இங்குக் கீழ்நாட்டுத் தலைவர் ஒருவர்க்கு ஏற்றப்பெற்றுள்ளன.

2. ஓவியத்தின் சிறப்பு

குறை கூறப் புகுமுன் நிறை கூறுதல் திறனாய்வின் முறையாகும். நெய்வண்ணம் என்பது ஆளிவிதை நெய் போன்ற காயும் நெய்யில் வண்ணப்பொடியைக் குழைத்துக் கித்தானில் தீட்டுவது. சுண்ணச் சாந்து ஈரமாயிருக்கும்போதே விரைந்து தீட்டவேண்டிய சுவரோவியத்திற்கு இல்லாத ஒரு வாய்ப்பு இதற்கு உண்டு. நெய் மெல்ல உலர்வதால் ஒரு நிறத்தை மற்றொரு நிறத்தோடு இழைத்து இழைத்துச் சேர்க்கலாம். மெல்லிய பூச்சின்மேல் மற்றொரு மெல்லிய பூச்சை ஏற்றி, அடியில் உள்ளது மேலே ஒளிரச் செய்யலாம். தோலின் மென்மை, துகிலின் நொய்ம்மை, முத்தின் நீர்மை ஆகியவற்றைக் காட்ட இதனினும் சிறந்த கருவி அந்நாளில் இல்லை.

வெண்மெல்லாடையை வரைதல் ஓவியர்க்கு ஓர் அரிய சோதனை. வெண்மையில் வெண்மையைப் பிரித்துக் காட்டல் வேண்டும். ஆடையும் தெரிதல் வேண்டும், ஆடைக்குள் உள்ளதும் தெரிதல் வேண்டும். பாம்பின் உரியென்றும் புகையென்றும் ஆவியென்றும் நம் பழம்புலவர் உவமித்த துகிலின் நுண்மையை மேனாட்டு ஓவியர் உவமையின்றியே கண்முன் நிறுத்திவிடுகின்றனர். இது பாராட்டத்தக்க ஆற்றலே. முகத்தினை வரைந்த வகையிலும் ஒரு நேர்மை உண்டு. நரையை மறைத்து இளமையை ஏற்றிக் காட்டவில்லை. ஆண்டு பல கண்ட ஒருவரின் முகமாகவே அது விளங்குகின்றது. கலைத்திறன் ஒன்றையே நோக்குவார்க்கு இவ்வளவிற் கூறி நிறுத்திவிடலாம். ஆயின் தலைவனைப் பாடும் பாட்டைச் சொல்வளம் ஒன்றையே கொண்டு நாம் மதிப்பிடுவதில்லை. வண்ணத்தாற் பாடிய பாட்டிற்கும் அதுவே முறையாதல் வேண்டும்.

3. நிலம் இல்லாத் தலைவன்

தமிழ் மரபில் மாந்தர் நிலத்தினின்றும் பிரித்துப் பேசப்படுவதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தோன்றும் மாவும் மரமும் புள்ளும் உணவும் தொழிலும் கருப்பொருள். இவற்றை அடியாகக் கொண்டே உரிப்பொருளாகிய ஒழுக்கம் விளங்கும். அகத்திற்கு மட்டுமன்றிப் புறத்திற்கும் இஃது ஒருவாற்றாற் பொருந்தும். புறப்பாட்டின் தலைவன் 'இன்ன நாட்டினன்' என்றே விளிக்கப்பெறுவான். அவன் நாட்டின் நெல்லும் மீனும் கரும்பும் கூறியபின்னரே அவன் கொடை கூறப்பெறும். நாடு என்னும் அடைமொழி இல்லாத தலைவன் பெயரளவினனே.

இவ்வளவையால் நவாபின் ஓவியத்தை நோக்குமிடத்து ஒன்று தெற்றெனப் புலனாகின்றது. அவ்வோவியத்தில் கருப்பொருள் உண்டு, முதற்பொருள் இல்லை. முத்து உண்டு; அஃது எக்கடலிற் பட்டது, எப்பரதவர் குளித்தெடுத்தது என்பதற்குக் குறிப்பில்லை. துகில் உண்டு, நெய்தோர் நிலத்திற்குக் குறிப்பில்லை. வாள் உண்டு, காத்த நாடு காணப்படவில்லை. நிலத்திற் பிறந்த பொருள்களெல்லாம் நிலத்தினின்றும் கழற்றப்பெற்று அணிகளாகித் தலைவன் உடலில் ஏறிவிட்டன.

மேனாட்டு ஓவிய மரபே அத்தகையது எனின், அன்று. இங்கிலாந்து நாட்டுக் கெயின்சுபரோ என்பார் 1750ஆம் ஆண்டளவில் ஆண்ட்ரூசு என்னும் நிலக்கிழாரையும் அவர் மனைவியையும் வரைந்தார். இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள அவ்வோவியத்திற் பாதிக்கு மேற்பட்ட பகுதி நிலமே. அறுவடையான வயலும், கட்டிவைத்த கதிர்க்கட்டுகளும், வேலியும், ஆடு மேயும் புலமும், வானமும் அங்கே உள்ளன. கணவனும் மனைவியும் ஓரத்திலே இருக்கின்றனர். 'இந்நிலம் எமது' என்பதே அவ்வோவியத்தின் பொருள் எனத் திறனாய்வாளர் சான் பெர்கர் 1972இல் எடுத்துக்காட்டினார். ஆகவே தம் நாட்டுக் கிழாரை வரையுங்கால் நிலத்தோடு வரைய அறிந்த கலையே, நம் நாட்டுத் தலைவரை வரையுங்கால் நிலமின்றி வரைந்தது.

இதற்குக் காரணம் ஓவியரின் அறியாமை என்று கொள்ள வேண்டுவதில்லை. வரலாறே காரணமாய் நிற்கின்றது. செங்கற்பட்டுச் சீமையை நவாபு 1763இல் கும்பெனியார்க்குச் சாகீராக அளித்தார். 1765இல் முகலாயப் பேரரசர் அதனை உறுதி செய்தார். அளித்தபின்னர் அந்நிலத்தையே கும்பெனியாரிடமிருந்து குத்தகையாகப் பெற்று 1780 வரை வைத்திருந்தவரும் நவாபே. அஃதாவது, கெட்டிலும் வில்லிசனும் தம் கித்தான்முன் அவரை நிறுத்திய காலத்து, தாம் கொடுத்த நிலத்திற்குத் தாமே குத்தகையாளராக அவர் நின்றார். ஆண்ட்ரூசுக்கு 'இந்நிலம் எமது' என்று சொல்ல இயன்றது. நவாபின் பின்னே எந்நிலத்தை வரைவது? நிலம் வரையப்பெறாமையே ஒருவகையில் அவ்வோவியத்தின் உண்மையாயிற்று. ஓவியர் எண்ணிச் செய்தாரோ எண்ணாது செய்தாரோ, ஓவியம் உண்மையையே கூறிவிட்டது.

4. பாடாணும் செவியறிவுறூஉவும்

புகழ்ந்து பாடுதல் பாடாண் திணையின்பாற்படும். ஆயின் நம் பாடாண் புகழ்ச்சியோடு அமைந்துவிடுவது அன்று. செவியறிவுறூஉ, வாயுறை வாழ்த்து என்னும் துறைகள் அதன்கண் அடங்கும். வேந்தன் செவியிற்பட அறமுரைத்தல் புலவன் கடன். வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனுக்கு உழவர் குடியைக் காத்தலின் இன்றியமையாமையை எடுத்துரைத்துப் பழைய நிலவரிக் கடனை நீக்குவித்தார் என்பது புறநானூற்றால் அறியப்படும் செய்தி. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு, வரி கொள்ளும் நெறியை யானை புக்க வயலைக் காட்டி விளக்கினார். பாடியவர் பரிசிலர், பாடப்பெற்றவன் பரிசில் தருவோன். அங்ஙனமிருந்தும் அறிவுரை குறைவுபடவில்லை.

வண்ண ஓவியத்திற்குச் செவியறிவுறூஉ இயலுமோ எனின், இயலும் என்பதற்கு மேனாட்டிலேயே சான்றுண்டு. வெலாசுகுவசு என்னும் ஸ்பானிய ஓவியர் 1650இல் வரைந்த பத்தாம் இன்னொசெந்து என்னும் போப்பரசரின் ஓவியத்தில் அதிகாரத்தின் ஐயமும் கடுமையும் மறைக்கப்படாது விளங்குகின்றன. கோயா 1800ஆம் ஆண்டினை ஒட்டி வரைந்த நான்காம் சார்லசு மன்னர் குடும்ப ஓவியத்தில் அணிகலன்களின் ஒளிக்கும் முகங்களின் வெறுமைக்கும் உள்ள முரண் வெளிப்படையானது. இவர்கள் அரண்மனை ஊதியம் பெற்ற ஓவியர்கள். எனினும் உண்மை கூறினர். வில்லிசனிடத்தும் கெட்டிலிடத்தும் இத்தகைய அறிவுறுத்தலை நாம் காணவில்லை. நரையைக் காட்டிய நேர்மை உடலளவில் நின்றது, ஆட்சியளவிற்குச் செல்லவில்லை.

அவ்வறிவுரையின் தேவையோ பெரிதாயிருந்தது. நவாபு கும்பெனியின் ஊழியர் பலரிடம் தனிப்பட்ட முறையிற் கடன்பட்டார்; கடனுக்கு ஈடாக நாட்டு வருவாயை எழுதிக்கொடுத்தார். கடன் கொடுத்தோருட் பெயர் பெற்றவர் பால் பென்பீல்டு. தஞ்சை வருவாயின்மேல் அவர் கொண்ட உரிமைக் கோரிக்கையை ஒட்டி எழுந்த பூசலில் 1776இல் சென்னை ஆளுநர் பிகட்டுப் பிரபுவே தம் மன்றத்தாராற் சிறைவைக்கப்பெற்றார். 1777இல் காவலிலேயே இறந்தார். 1778 முதல் 1780 வரை ஆளுநராயிருந்த தாமசு ரம்போல்டு என்பார் ஹெர்ட்போர்டு கோட்டத்தில் உட்ஹால் என்னும் மாளிகையை எழுப்பினார். அதனைப் பின்னர் வாங்கியவர் பென்பீல்டே. இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளில் தொங்கும் கீழ்நாட்டு ஓவியங்களையும் அரும்பொருள்களையும் காண்போர், அவற்றைத் தாங்கும் சுவர்கள் எவ்வருவாயால் எழுந்தன என்பதனையும் உடன் எண்ணுதல் வேண்டும். பென்பீல்டின் செல்வமும் நிலைக்கவில்லை; மாளிகை 1801இல் கைமாறியது; அவர் 1810இல் பாரிசு நகரில் வறியராய் இறந்தார்.

5. ஏரியே உருவம்

ஓவியர் கூறாத செவியறிவுறூஉ வேறோர் இடத்தில், வேறொரு மொழியில் ஒலித்தது. 1785ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் எட்மண்டு பர்க்கு 'ஆர்க்காட்டு நவாபின் கடன்கள்' குறித்து நெடியதோர் உரை நிகழ்த்தினார். அவ்வுரையில் அவர் கருநாடகச் சீமையின் ஏரிகளைப் பற்றி விரித்துப் பேசினார். மக்களைத் தம் மக்களாகக் கருதிய மெய்யான அரசர்கள் எழுப்பிய நினைவுச் சின்னங்கள் ஏரிகளே என்னும் கருத்துப்பட மொழிந்தார். கடன்காரர் கைப்பட்ட நாட்டில் அவை பாழ்படுதலை எடுத்துக்காட்டினார்.

இக்கருத்துத் தமிழர்க்குப் புதிதன்று. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உரைத்ததும் இதுவேயாம். மறுமைச் செல்வமும் வெற்றியும் புகழும் வேண்டுவையாயின் நிலம் குழிந்த இடமெல்லாம் நீரைத் தேக்குக என்றும், நீரைத் தேக்கியோரே உலகிற் பெயரைத் தேக்கியோர் என்றும் அவர் அறிவுறுத்தினார். கடல்களுக்கப்பால், நூற்றாண்டுகள் பல கழிந்தபின், தமிழறியாத ஒருவர் அதே உண்மையைக் கண்டார் எனின், அவ்வுண்மை இந்நிலத்திலேயே எழுதப்பெற்றிருந்தமைதான் அதற்குக் காரணம். அவர் நவாபின் ஓவியத்தைப் படிக்கவில்லை, ஏரிகளைப் படித்தார்.

தொண்டை நாட்டு வரலாற்றில் ஓவியமும் ஏரியும் ஒருவரிடத்தே கூடியிருந்த காலமும் உண்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் 'சித்திரகாரப்புலி' என்னும் பட்டம் பூண்டவன். ஓவியத்தை விரும்பியவன் மட்டுமல்லன், அதில் வல்லவனும் ஆவான் என்பதனை அப்பட்டம் உணர்த்தும். அவனே மகேந்திரவாடியில் தன் பெயரால் ஏரி கண்டவன். அவன் வரைந்த ஓவியம் எதுவென இன்று சுட்டிக்காட்ட இயலாது. ஏரியோ அவன் பெயரை ஊர்ப்பெயரில் வைத்துக் காத்து நிற்கின்றது. எவ்வோவியம் நெடிது நிற்பது என்னும் வினாவிற்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுமோ?

6. மெய்க்கீர்த்தியும் கணக்கும்

சோழர் கல்வெட்டுகளை நோக்குவார் அவற்றில் இரண்டு பகுதிகளைக் காண்பர். முதற்பகுதி மெய்க்கீர்த்தி, அது மன்னனின் சொல்லோவியம். முதலாம் இராசராசன் காலத்தில் ஒழுங்குபெற்ற இம்மரபில் வெற்றியும் புகழும் அழகிய நடையில் அமையும். அடுத்த பகுதி கணக்கு. இன்ன ஊர், இன்ன எல்லை, இத்துணை வேலி, இத்துணைக் கலம் நெல், இன்னார் கையில் இத்துணை ஆடு என அது விரியும். கவிதை முடிந்த இடத்திற் கணக்குத் தொடங்கும். இரண்டும் ஒரே கல்லில், ஒரே உளியால் வெட்டப்பெற்றிருக்கும்.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. அங்கே மன்னன் புகழ் மட்டுமன்றித் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களும், அவர்கள் முன்னிருந்த ஊர்களும், குடியிருந்த தெருவின் சிறகும், வீட்டின் எண்ணும் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பெற்றுள்ளன. நானூறு என்னும் தொகையோடு அமையாது, நானூறு பெயர்களையும் அக்கல் தாங்குகின்றது. தலைவனின் உருவமும் நாட்டின் உருவமும் பிரியாதிருந்த காலத்தின் சான்று அது. அக்காலத்து ஆட்சியெல்லாம் அறத்தின்பாற்பட்டது என்று நாம் வாதிட வரவில்லை. வரியின் சுமையும் வகுப்பு வேறுபாடும் அன்றும் இருந்தன. புகழும் பொறுப்பும் ஒரே கல்லில் நின்றன என்பதே நாம் கூறுவது. புகழைப் படிக்கின்றவன் கணக்கையும் படித்தேயாக வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கல் இரண்டாகப் பிளந்தது. மெய்க்கீர்த்தி நெய்வண்ண ஓவியமாகிக் கப்பலேறிற்று. கணக்கு ஓலையாகி இங்கே தங்கிற்று.

7. ஓலைக் கணக்கு

கும்பெனியின் பொறியாளராகிய தாமசு பர்னார்டு 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுச் சாகீரின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள் அதில் அடங்கின. அதற்கு அடிப்படையானவை ஊர்க் கணக்கர் தமிழில் எழுதி வைத்திருந்த ஓலைகளே. ஊரின் மொத்த நிலம், நன்செய், புன்செய், ஏரி, தாங்கல், தோப்பு, புறம்போக்கு, குடியிருப்பு ஆகியன அவற்றிற் பிரித்துக் காட்டப்பெற்றன. வீடுகள் தொழில் வாரியாகவும் சாதி வாரியாகவும் எண்ணப்பெற்றன. இன்னார்க்கு இவ்வளவு மானியம், களத்தில் நெல் அளக்குமுன் இன்னார்க்கு இவ்வளவு சுதந்திரம் எனப் பங்கு முறையும் எழுதப்பெற்றது. கோயில், கணக்குப்பிள்ளை, தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், வெட்டியார், தலையாரி, ஏரிக்காவல் புரிவோர் எனப் பங்கு பெறுவோர் வரிசை நீண்டு செல்லும்.

இவ்வோலைகளுட் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திற் பாதுகாக்கப்பெற்றுள்ளன. இவற்றின் அருமையை உணர்ந்து ஆராய்ந்தோருள் அறிஞர் தரம்பாலும், சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தாரும் முதன்மையானவர்கள். திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஈரூர்க் கணக்குகளை அம்மையத்தார் 2001இல் நூலாக வெளியிட்டனர். இம்மண்ணின் காணியாட்சி முறையை 1816இல் ஆராய்ந்து எழுதிய எல்லிசுத் துரையும் ஊர்களின் இப்பங்கு முறையையே அடிப்படையாகக் கொண்டார். தென்னிந்திய மொழிகள் ஓரினம் என்பதனை அதே ஆண்டில் எடுத்துக்காட்டியவரும் அவரே என்பது தமிழ் பயில்வோர் மறவாதிருக்கத்தக்கது. சொல்லை ஆராய்ந்த கண்ணும் நிலத்தை ஆராய்ந்த கண்ணும் அவர்பால் ஒன்றாயிருந்தன.

ஓலைக் கணக்கை நாட்டின் ஓவியம் என்று கூறுதல் வெறும் உருவகம் அன்று. நெடுநல்வாடை ஆசிரியர் பிரிவால் வாடி அணியின்றி இருக்கும் அரசியை, வண்ணம் தீட்டப்பெறாது கோட்டளவில் நிற்கும் ஓவியத்திற்கு ஒப்பிட்டார். வண்ணமின்மையே அங்கு உண்மையைக் காட்டும் வழியாயிற்று. ஓலைக் கணக்கும் அத்தகைய புனைவற்ற ஓவியமே. அதில் ஆடையின் பளபளப்பு இல்லை. ஆயின் யார் எதனை உண்டு வாழ்ந்தனர் என்பது உண்டு. அது முடிந்த ஆறாண்டிற்குள், 1780இல், ஐதர் அலியின் படையெடுப்பால் இச்சீமை பாழாயிற்று. அவ்வாண்டில் காஞ்சிக்கருகே பொள்ளிலூரில் நிகழ்ந்த போர் சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத்து மாளிகைச் சுவரில் ஓவியமாக உள்ளது. அழிவிற்கு ஓவியம் கிடைத்தது. அழியுமுன் இருந்த வாழ்விற்கு ஓலை ஒன்றே கிடைத்தது.

8. தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழலாம். ஓலைக் கணக்கும் வரி வாங்குதற்கென எழுந்ததேயன்றோ? அதில் ஊர் மக்களின் தொகை உண்டு, முகம் உண்டோ? இத்தடை வலியது, தள்ளத்தக்கதன்று. குயவர் வீடு மூன்று என எழுதிய கணக்கன், அம்மூவரும் சிரித்தனரா அழுதனரா என எழுதவில்லை. நிலத்தில் உழைத்தும் காணியில்லாதோர் வீடுகளும் எண்ணாகவே நிற்கின்றன. அவர்தம் துயரம் எண்ணில் அடங்காது. நவாபின் ஓவியத்தில் முகம் உண்டு, நிலம் இல்லை. ஓலையில் நிலம் உண்டு, முகம் இல்லை. கெயின்சுபரோவின் ஓவியத்தில் முகமும் நிலமும் உண்டு. ஆயின் கதிர்க்கட்டுகளைக் கட்டிய கைகள் இல்லை. மூன்றும் குறையுடையனவே.

எனினும் குறைகள் ஒரு தன்மையன அல்ல. ஓவியத்தின் குறையை நிரப்ப ஓவியத்திற்குள் வழியில்லை. எத்துணை முறை நோக்கினும் அத்துகிலின் பின்னே ஓர் ஊர் தோன்றப் போவதில்லை. ஓலையின் குறையை நிரப்ப வழியுண்டு. ஊர்ப்பெயரும் ஏரிப்பெயரும் வயற்பெயரும் இன்றும் வாழ்வோர் நாவில் எஞ்சியுள்ளன. வாய்மொழிப் பாடல்களும் குலமுறைக் கதைகளும் உள்ளன. நவாபு காலத்துப் போரையே 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடல் மக்கள் பக்கம் நின்று பாடியது. ஓலையின் எண்ணோடு வாய்மொழியின் குரலைச் சேர்ப்பின் முகம் தெளியும். இது தமிழ்த்துறையின் பணியேயன்றி வேறெத்துறையின் பணி?

9. வல்லம் வடகால்

இப்பணி இன்று காலத்தோடு போட்டியிடும் பணியாகிவிட்டது. வல்லம் வடகாலும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் சாகீர் நிலத்தின் உட்கிடை ஊர்கள். 'வடகால்' என்னும் பெயரில் உள்ள 'கால்' நீர் செல்லும் காலைக் குறிப்பதாகக் கொள்ளின், அவ்வூர்ப்பெயரே ஒரு பாசனக் கணக்கின் எச்சமாகின்றது. இன்று அப்பெயர் சிப்காட்டுத் தொழிற்பூங்காவின் பெயராக உலகெங்கும் வழங்குகின்றது. தொழில் வளர்ச்சியைப் பழித்தல் நம் கருத்தன்று. வானம் பொய்த்த ஆண்டுகளில் உழவர் பட்ட பாட்டை அறிந்தோர் எவரும் தொழிற்சாலையை வெறார். ஆயின் வயல் மனையாகி, மனை எண்ணாகும்போது, வயலின் பெயர் முதலில் மறையும். கால்வாயின் பெயர் அடுத்து மறையும். மழைக்காலத்து நீர் மட்டும் தன் பழைய வழியை மறவாது வரும். பெயர் மறந்தோர் அப்பொழுதுதான் பெயரைத் தேடுவர்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தொழிற்சாலைகளிற் பணிபுரியும் மகளிர் 18,720 பேர் தங்குதற்குரிய விடுதிக் கட்டடங்கள் வல்லம் வடகாலில் திறக்கப்பெற்றன. 18,720 என்பது ஒரு கணக்கு. பர்னார்டின் கணக்கைப் போலவே முகமில்லாத கணக்கு. தஞ்சைக் கல்லோ நானூறு பெண்டிரைப் பெயரும் ஊரும் தெருவும் கூறிக் குறித்தது. தொலைவிலுள்ள ஊர்களினின்றும் வந்து இங்குத் தங்கும் இம்மகளிரின் பெயரையும் ஊரையும் மொழியையும் பாட்டையும் எவ்வேடு குறிக்கப் போகின்றது என்னும் வினாவை இலக்கிய ஆராய்ச்சியாளர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். பழைய ஓலையைப் பதிப்பித்தலும் புதிய வாழ்வைப் பதிவு செய்தலும் ஒரே பணியின் இரு பகுதிகள்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. நவாபு முகம்மது அலியின் நெய்வண்ண ஓவியங்கள் தொழில் நுட்பத்திற் சிறந்தன. துகிலையும் முத்தையும் முகத்தையும் காட்டுவதில் அவற்றிற்கு ஒப்பானவை அந்நாளில் இந்நாட்டில் மிகச் சிலவே. ஆயின் பாடாண் என்னும் அளவையால் நோக்கின் அவை குறைப்பட்ட பாட்டுகள். முதற்பொருளின்றிக் கருப்பொருளை மட்டும் காட்டின, வாழ்த்தின, அறிவுறுத்தவில்லை. தலைவன் நிலத்தை இழந்த வரலாற்றை, நிலத்தை வரையாமையால் தம்மையறியாது உணர்த்தின என்பதே அவற்றின் ஆழ்ந்த பொருள்.

அக்காலத்து எழுந்த ஓலைக் கணக்குகள் கலையென எண்ணி எழுதப்பெற்றன அல்ல. எனினும் இந்நாட்டின் உண்மையுருவைத் தாங்கி நிற்பன அவையே. அவ்வோலைகள் அனைத்தும் ஊர்வாரியாகப் பதிப்பிக்கப்பெறுதல் வேண்டும். ஒவ்வோர் ஊரின் வயற்பெயர், ஏரிப்பெயர், கால்வாய்ப்பெயர் ஆகியவற்றோடு ஒப்புநோக்கப்பெறுதல் வேண்டும். முதியோர் நினைவில் அப்பெயர்கள் எஞ்சியிருக்கும்போதே இது செய்யப்பெறுதல் வேண்டும். முதலிற் கைக்கொள்ளத்தக்கது திருப்பெரும்புதூர் வட்டாரமே. அங்குத்தான் பெயர்கள் விரைந்து மறைகின்றன. நவாபின் ஓவியத்தை அதற்குரிய கூடங்கள் குளிர்காற்றும் அளவான ஒளியும் அமைத்துக் காக்கும். ஓலையை நாமன்றிக் காப்பார் பிறர் இல்லை.